படத்தில் தெரியாத நோவு

தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குச் சென்று திரும்புகிறவர்கள் கையோடு ஒரு பெரிய உறையைக் கொண்டுவருகிறார்கள். அதனுள்ளே தலையின் படங்கள் கறுப்பும் வெள்ளையுமாய் வரிசையாக அச்சாகியிருக்கும். நலம் விசாரிக்க வரும் உறவினர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. விளங்க வேண்டிய தேவையும் இல்லை. 'படத்தில் ஒன்றுமில்லை' என்று மருத்துவர் முன்னமே சொல்லியாயிற்று. வீட்டிற்குள் வந்த முதல் நாளில் அச்சொற்கள் நற்செய்தி. மூன்று வாரம் கழிந்ததும் அதே சொற்கள் குற்றச்சாட்டாய் மாறிவிடுகின்றன. "அதான் படத்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் ஏன் இன்னும் படுத்தே கிடக்கிறே?"

காவிரிக் கரை ஊர்களில் பங்குப்பணி ஆற்றுவோர்க்கு இக்கேள்வி காதில் விழாமல் ஓர் ஆண்டு கழிவதில்லை. வரப்பில் வழுக்கி விழுந்தவர், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து தவறியவர், இரு சக்கர வண்டியின் பின்னே ஒருக்களித்து அமர்ந்து சென்று வேகத்தடையில் தூக்கியெறியப்பட்ட பெண் என நம் வீடுகளில் இத்தகையோர் பலர். எலும்பு முறியவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஆயினும் குனிந்தால் தலை சுற்றுகிறது. வெயில் கண்ணைக் குத்துகிறது. பாத்திரம் விழும் ஓசை மண்டைக்குள் இறங்குகிறது. பேசிக்கொண்டே இருக்கையில் சொல் மறந்துபோகிறது. இரவில் உறக்கமில்லை, பகலில் காரணமின்றிச் சினம். இவற்றுள் ஒன்றையேனும் பிறர் கண்ணாற் காண வழியில்லை.

அப்படியானால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு துன்பத்தை, துன்புறுகிறவரின் வாய்ச்சொல்லை மட்டுமே சான்றாகக் கொண்டு நம்ப நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றும். நமக்கென்னவோ இது ஒப்புரவுத் தொட்டியருகே கொண்டுவர வேண்டிய கேள்வியாகவே படுகிறது.

மருத்துவம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்வோம். மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்தவாறு இருக்கிறது. கெட்டித் தயிர் போன்ற மென்மையுடையது. தலை திடீரெனக் குலுங்கும்போது அந்த மென்பொருள் உள்ளுக்குள் இழுபட்டுத் திருகப்படுகிறது. நுண்ணிய நரம்பிழைகள் விரிந்து சுருங்குகின்றன. அவற்றினுள் உப்புகளின் நிலை குலைகிறது. சரிசெய்துகொள்ள மூளைக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படும் அதே வேளையில் அந்த ஆற்றலைக் கொண்டுவரும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. மூளை அதிர்வு என்பது இதுதான். நினைவிழந்து விழுந்தால்தான் அதிர்வு என்று எண்ணுவது தவறு. பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும் கருவி. உயிருக்கு ஆபத்தானவை அவையே என்பதால் முதலில் அவற்றைத் தேடுகிறார்கள். இழுபட்ட இழைகளை அது காட்டாது. எனவே 'படத்தில் ஒன்றுமில்லை' என்று மருத்துவர் கூறுவதன் பொருள் 'நாங்கள் அஞ்சிய ஒன்று இல்லை' என்பது மட்டுமே. 'உமக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்லவில்லை. அதை வீட்டார் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் மூன்று மாதம் கடந்தும் தொல்லை நீங்குவதில்லை. முன்னரே அடிபட்டவர்கள், ஒற்றைத் தலைவலி உடையவர்கள், மனக்கவலை மிகுந்தவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தொடரும் தலைச்சுற்றல் சிலவேளை உட்காதின் கோளாறாகவும், தலைவலி கழுத்துத் தசையின் பிடிப்பாகவும் இருப்பதுண்டு. இவ்விரண்டிற்கும் தக்க பயிற்சிகள் உள்ளன. ஆகவே முதல் நாள் படம் எடுத்ததோடு மருத்துவரை மறந்துவிடலாகாது. இன்னொன்று: தலைவலி மேன்மேலும் கடுமையாவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழப்பம், எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவை தோன்றினால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது கூடாது.

இனி ஐயத்தின் கதைக்கு வருவோம். 1962 மார்ச்சில் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவராயிருந்த நாரி கான்டிராக்டர், பார்படோசில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தலையில் பட்டு மண்டையோடு உடைந்து உயிருக்குப் போராடினார். எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் அவருக்காகத் தம் இரத்தத்தைக் கொடுத்தார். பின்னர் தமிழகத்தில் அவர் தலையில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டது. அது 2022-இல்தான் அகற்றப்பட்டது. அவர் மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார். நாட்டுக்காக டெஸ்ட் ஆடும் வாய்ப்போ பின்னர் கிட்டவேயில்லை. அவரது துன்பத்தை ஐயுற்றவர் எவருமில்லை. உடைந்த எலும்பும் தகடும் அவருக்காகச் சான்று பகர்ந்தன.

2020 டிசம்பர் 4 அன்று கான்பராவில் நிகழ்ந்தது வேறு. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் முதன்முதலாகப் பன்னாட்டு இருபது ஓவர் போட்டியில் ஆடிய நாள் அது என்பதால் நம் இளைஞர் பலருக்கு நினைவிருக்கும். இந்திய ஆட்டத்தின் கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பட்டது. அவர் நின்று ஆடி முடித்தார். 23 பந்துகளில் 44 ஓட்டங்கள். இடைவேளையில் தலை சுற்றுவதாகச் சொன்னார். மூளை அதிர்வுற்ற வீரருக்கு மாற்றாளை இறக்கலாம் என்ற விதி அதற்கு முந்தைய ஆண்டில்தான் வந்திருந்தது. அவ்விதிப்படி யுஸ்வேந்திர சாஹல் வந்தார், 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார், ஆட்டநாயகனுமானார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் போட்டி நடுவரிடம் வாதாடினார். அடிபட்ட பின்னும் ஓடியவருக்கு இப்போது மட்டும் எப்படித் தலை சுற்றும் என்ற பேச்சு பல நாள் ஓயவில்லை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. ஆனால் மாற்றாளால் ஆதாயம் விளைந்துவிட்டதல்லவா? ஆதாயம் இருக்கும் இடத்தில் நோவை நம்ப மனம் ஒப்புவதில்லை. அந்த ஆட்டத்திடலில் நடந்ததுதான் நம் வீட்டுத் திண்ணையிலும் நடக்கிறது. மருமகள் படுத்தால் சமையல் வேலை மிச்சம். மாணவன் படுத்தால் பாடம் மிச்சம். நடவு ஆள் படுத்தால் குனிந்து நிற்கும் வேலை மிச்சம். யாருக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போட்ட பிறகே நாம் இரக்கப்படுகிறோம்.

இந்தக் கணக்கு முற்றிப்போனால் எங்கே கொண்டுவிடும் என்பதை முதல் உலகப்போர் காட்டியது. குண்டு வெடிப்பின் அருகிலிருந்த வீரர்கள் உடலில் கீறலின்றி நடுங்கினர், பேச்சிழந்தனர், நினைவு தடுமாறினர். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இந்நிலையை 'குண்டதிர்ச்சி' எனப் பொருள்படும் பெயரால் மருத்துவ இதழில் விவரித்தார். மூளையின் அதிர்வா, மனத்தின் முறிவா என்று மருத்துவர்கள் வாதிட்டார்கள். படைத்தலைவர் சிலரோ கோழைத்தனம் என்று முடிவு கட்டினர். போர்க்களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்குப் பிரித்தானிய அரசு 2006-இல் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் எத்தனை பேர் காயம் தெரியாத காயம் பட்டவர்கள் என்பதை இனி இறைவன் ஒருவரே அறிவார்.

'நோவென்று பொய் சொல்வோரும் இருக்கிறார்களே, சாமி?' என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறார்கள். மறுக்க முடியாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சான்று கேட்பது முறையே; பிறர் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் இடத்தில் சொல் மட்டும் போதாது. ஆனால் வீடு தீர்ப்பாயமன்று. வீட்டில் நாம் தவறிழைக்க இரு வழிகள் உண்டு. பொய்யரை நம்பிவிடலாம், அதனால் நாம் இழப்பது சில நாள் கூலியும் சிறிது ஏமாற்றமும். உண்மையரை நம்பாமற்போகலாம், அப்போது அவர் இழப்பது தம் சொல்லின் மதிப்பை. 'நான் சொல்வதை என் தாயே நம்பவில்லை' என்ற நிலைக்கு வந்த ஒருவர் அடுத்துத் தம்மையே நம்பாதொழிகிறார். 'ஒருவேளை எல்லாம் என் கற்பனைதானோ' என்று எண்ணத் தொடங்கி, அரைகுறை உடம்போடு நாற்றங்காலில் இறங்கிவிடுகிறார். இவ்விரு தவறுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நம்மால் இயலவில்லை.

திருத்தூதர் தோமா காயத்தைப் பார்க்க வேண்டுமென்றார், ஆண்டவர் காட்டினார். 1952-இல் மயிலை மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான தஞ்சை மறைமாவட்டத்தினர் நாம். தோமாவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு, அவரைப் போல் காயம் காட்டச் சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ஆனால் உயிர்த்த ஆண்டவருக்குக் காட்டுவதற்கு ஆணித் தழும்புகள் இருந்தன. காட்ட ஒன்றுமில்லாதவர் என் செய்வார்?

இங்கே நமக்குத் துணைவருவது மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் மட்டுமே காணப்படும் ஒரு புதுமை. பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அம்மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று வினவுகிறார். மற்றெந்தக் குணமளிப்பிலும் ஆண்டவர் இவ்வாறு கேட்டதாக நாம் வாசிப்பதில்லை. அம்மனிதரின் விடை அதைவிட வியப்பானது. மனிதர் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போல் இருக்கிறார்கள் என்கிறார். இறைமகனே தொட்ட பின்பும் 'இன்னும் சரியாகவில்லை' என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உன் விசுவாசம் குறைவு என்று குற்றம் சாட்டவில்லை. மறுபடியும் கண்களின்மேல் கைகளை வைக்கிறார். அதன் பின்பே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இப்பகுதிக்கு விவிலிய அறிஞர் சொல்லும் விளக்கம் நமக்குத் தெரியும். சீடர்களின் உட்கண் படிப்படியாகத் திறப்பதன் அடையாளம் இது என்று குருமடத்தில் கற்றோம்; அது சரியே. ஆயினும் அடையாளமாவதற்கு முன் அவர் ஒரு மனிதர். பார்வை பாதி வந்தும் பாதி வராமலும் தெரு நடுவில் நிற்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூளை அதிர்வுற்று ஒரு மாதம் ஆனவர் அப்பாதி நிலையில்தான் வாழ்கிறார். அவரைப் பார்த்து 'சரியாகிவிட்டதா?' என்று கேட்கிறோம். அது கேள்வியே இல்லை. ஆமென்று சொல்ல வற்புறுத்தும் கட்டளை. 'என்ன தெரிகிறது, எப்படித் தெரிகிறது' என்று ஆண்டவர் கேட்டதைப் போல் கேட்பவர் மிகச் சிலர்.

சில செபக் கூட்டங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மேடையிலிருந்து 'தலைநோய் நீங்கிவிட்டது, விசுவசி, சாட்சி சொல்' என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறார்கள். அந்த ஆரவாரத்தில் நோயாளியும் ஆமென்கிறார். மறுநாள் காலை தலை சுற்றும்போது, நோயோடு கூட விசுவாசக் குறைவு என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. வேறு சிலர் பேய் பிடித்தது என்று முடிவுகட்டித் தலையை ஆட்டுவிக்கிறார்கள். அடிபட்ட மூளைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பெத்சாய்தாக்காரர் அந்தக் கூட்டங்களில் இருந்திருந்தால் அவரைப் பேசவிட்டிருப்பார்களா என்பது ஐயமே.

நோயுற்றவர்க்கும் கடமைகள் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்வது முதலாவது. கூட்டியும் சொல்லலாகாது, குறைத்தும் சொல்லலாகாது. நம் ஆண்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். பொங்கல் கபடியில் தலையோடு தலை மோதியவனை முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி மறுபடி களத்தில் இறக்குகிறோம். அவனும் சிரித்துக்கொண்டே இறங்குகிறான். முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தால் விளைவு பன்மடங்கு கொடியது. 2021 சனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராகத் தம் ஒரே டெஸ்ட் போட்டியை ஆடிய வில் புகோவ்ஸ்கி, பலமுறை தலையில் அடிபட்டு, விடாத தொல்லைகளால் 2025 ஏப்ரலில் 27 வயதிலேயே ஆட்டத்தைத் துறந்தார். ஆட்டத்தில் நிலைக்க வேண்டிய வயதில் 'என்னால் முடியவில்லை' என்று ஊரறியச் சொன்ன அந்த இளைஞரைக் கோழை என்போமா?

சினத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒப்புரவுக்கு வருவோர் பேசுவது அதைப்பற்றித்தான். மூளை அதிர்வுக்குப் பின் எரிச்சல் மிகுவது நோயின் ஒரு கூறு. செயலுக்குரிய பொறுப்பு அறியாமை, அச்சம், உளவியல் காரணங்கள் முதலியவற்றால் குறையக்கூடும் என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1735) போதிக்கிறது. ஆகவே தம் குணமே மாறிவிட்டதாகக் கண்ணீர் விடுபவரிடம் 'நீ கெட்டவன்' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பொறுப்புக் குறைகிறது, அற்றுப்போய்விட்டதென்று எல்லாரும் எண்ணிக்கொள்ள முடியாது. சினம் தலைக்கேறுவதை உணர்ந்தவுடன் அவ்விடம் விட்டு எழுந்து செல்வது அவரால் இயன்றதாகவே பெரும்பாலும் இருக்கும். இயன்றதைச் செய்வது கடமை. மனைவிமேல் கையோங்குவதற்கு நோய் அனுமதிச் சீட்டாகாது. அத்தகைய வீட்டில் மனைவி பிள்ளைகளோடு சில நாள் தாய்வீட்டில் இருந்தால் ஊர் அவளைக் குறைகூறக் கூடாது. 'புருஷனுக்கு முடியாதப்ப விட்டுட்டுப் போயிட்டா' என்ற பேச்சைப் பங்குப் பெரியவர்களே முதலில் நிறுத்த வேண்டும்.

நம்புவது என்றால் இருட்டறையில் பூட்டிவைப்பது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. இன்றைய அறிவு வேறு. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அதன்பின் தொல்லை மிகாத அளவில் சிறுநடை, சிறுவேலை. தாங்கினால் மறுநாள் இன்னும் சிறிது, தாங்காவிடில் ஒருபடி கீழே. மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பது தேறுவதைத் தாமதப்படுத்துமே ஒழிய விரைவுபடுத்தாது. கைப்பேசித் திரையும் மதுவும் விலக வேண்டும். தலை தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. இதையெல்லாம் விளக்க நமக்கு நூல்கள் வேண்டா. நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் பயிர் வெளுத்துத் துவண்டு நிற்கும். நட்டது பிழைத்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் உழவன் எவனுமில்லை. தண்ணீரையே காட்டாமல் விடுகிறவனும் இல்லை. பச்சை பிடிக்கும்வரை அளவாய்த் தண்ணீர் கட்டிப் பொறுத்திருப்பான். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் விழுந்த தென்னைகளை எண்ண நாள்கள் போதவில்லை. விழாமல் நின்ற மரங்களிலும் குருத்து திருகிக் காய்ப்புக் குன்றியவை உண்டு. நிற்கிற மரம் அடிபடாத மரமென்று தென்னந்தோப்புக்காரர் சொல்லமாட்டார். மரத்திற்குக் காட்டும் இந்த விவேகம் மனிதருக்குக் காட்டக் கூடாததா?

சாலை விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேர அவசர மருத்துவம் இலவசமாய்க் கிடைக்கத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது, உயிர்காக்கும் நற்செயல். அதற்குப் பின் வரும் 48 நாள், ஒரு மண்டலம், அரசால் பார்த்துக்கொள்ளக்கூடியதன்று. அது வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் அன்பியங்களுக்கும் உரியது. அன்பியக் கூட்டத்தில் செபமாலை சொல்லிமுடித்துக் கலைவதோடு, அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது யார், நடவுக் காலத்தில் அவ்வீட்டுக்கு அரிசி தருவது யார் என்றும் பேசி முடிவெடுக்கலாம். மாணவராயின் பாடத்தை ஒருவர் மெல்ல வாசித்துக் காட்டலாம்.

கோவிலும் தன் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். நம் ஆலயங்களின் ஒலிபெருக்கிகளைப் பற்றி முறையிட்டால் பாடகர் குழுவினர் வருந்துவார்கள், வருந்தினாலும் சொல்கிறோம். நான்கு பெட்டிகள் ஒரே நேரத்தில் அலறும் ஞாயிறு திருப்பலியில் நலமானவருக்கே தலை வலிக்கிறது. அடிபட்டவர் அங்கே அமர முடியாமல் எழுந்து போனால் 'பூசைக்கு நிற்பதில்லை' என்ற பேச்சு வேறு. நோயுற்றோர்க்கு ஞாயிறு கடமையிலிருந்து விலக்கு உண்டு என்பதை அவருக்கும் வீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டும். வாரநாளில் ஒலிபெருக்கியின்றி நிகழும் விடியற்காலைத் திருப்பலியில் வாசற்பக்கம் அவருக்கு ஓர் இருக்கை போடலாம். வரவே இயலாதவர்க்கு நற்கருணை வீடு தேடி வரும், சொல்லியனுப்பினால் போதும்.

ஆகஸ்டு பிறந்துவிட்டால் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்வோர் சாலைகளில் திரள்கிறார்கள். விபத்தில் உயிர் தப்பியவர் பலர் நன்றியாக நடைப்பயணம் நேர்ந்துகொள்கிறார்கள். தலைச்சுற்றல் தீராத நிலையிலும், நேர்ந்ததைத் தவறினால் தீங்கு வரும் என்றஞ்சி, லாரிகள் விரையும் சாலையில் வெயிலில் இறங்கிவிடுகிறார்கள். தக்க காரணமிருந்தால் நேர்ச்சையினின்று விலக்களிக்கவும் அதை வேறொரு நற்செயலாக மாற்றவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு (திருச்சபைச் சட்டம் 1196, 1197). பேருந்தில் போய் வரலாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம். அந்தச் செலவில் இன்னொரு நோயாளிக்கு மருந்து வாங்கித் தரலாம். செப்டம்பர் 8 வரை காத்திராமல் முன்கூட்டியே பங்கு இல்லத்திற்கு வந்து கேளுங்கள். அப்படிக் கேட்க வருகிறவரிடம் நாம் படத்தைக் காட்டச் சொல்வதில்லை.